ஹீட்டர்மேல் ஸ்பெயின் மண்

லண்டன் டூட்டிங், அக்டோபர். ஸ்பெயினிலிருந்து மெட்ராஸ் திரும்பும் வழியில் இரண்டு நாள் இங்கே தங்குகிறேன். அறை கொடுத்தவர் செல்வரத்தினம், யாழ்ப்பாணத்துக்காரர், சாப்பாட்டுக் கடையில் சமையல். காலை நடை முடிந்து வந்தால், என் பன்னிரண்டு தகர டப்பாக்களும் வாய் திறந்து ஹீட்டர்மேல் இருக்கின்றன.

"மண் ஈரமாக் கிடந்தது ஐயா. நாறிப்போகுமெண்டு காய வைச்சனான்."

மாடு மேயும் ஓக் தோப்பில் எடுத்த மண் அது. ஆறு டப்பா மரத்தடி, ஆறு வெட்டவெளிப் புல்தரை. மழைக்குப் பின் எது அதிகம் ஈரம் பிடிக்கிறது என்று பார்க்கத்தான் அவ்வளவு தூரம் போனேன்.

"என்ன காரியம் பண்ணிட்டீங்க! அந்த ஈரம்தாங்க எனக்கு வேணும்!"

அவர் முகம் வாடுகிறது. நோட்டைப் புரட்டுகிறேன். நல்லவேளை, தோண்டிய இடத்திலேயே எல்லாவற்றையும் நிறுத்து எழுதியிருக்கிறேன். காய்ந்த எடையைக் கழித்தால் போதும். ஆனால் எண்கள் மூடிகளில் அல்லவா இருக்கின்றன? மூடி மாறியிருந்தால் மரத்தடி எது, வெட்டவெளி எது?

"மூடியெல்லாம் எங்கே?"

"அததுக்குக் கீழதான் ஐயா. கடையில சட்டிக்கு மூடி மாத்தி வைச்சா நானே ஏசுவன்."

தூக்கிப் பார்க்கிறேன். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு மூடி. இரண்டு முறை எண்ணுகிறேன்.

"முழுசாக் காய ஹீட்டர் சூடு பத்தாது. உங்க ஓவன்ல வைக்கலாமா?"

அவர் சமையலறையைத் திரும்பிப் பார்க்கிறார்.

"வைக்கலாம். என்ர மனிசி ஷிப்ட் முடிஞ்சு நாலு மணிக்கு வருவா. அதுக்கு முதல் எடுத்துப்போடவேணும்."

மணி பத்தரை. நான் டப்பாக்களை அடுக்கத் தொடங்குகிறேன்.