போயிட்டு வாங்க, சார்

நம்பாதவர்கள் இதோடு நிறுத்திக்கொள்ளலாம். இருபது வருடமாகச் சினிமாப் பேய்களுக்கு மேக்கப் போட்டுப் பிழைக்கிறவன் நான். எது சாயம், எது சாயமில்லை என்று எனக்குத் தெரியும். இது நடந்தது. போன வருடம், மைசூரில், பட்டப்பகலில்.

படத்தில் கவின்ராஜ் சாருக்கு ரத்தக்காட்டேரி வேடம். கறுப்பு அங்கி, கோரைப்பல், சவப்பெட்டி எல்லாம் உண்டு. நடிப்பில் புலி; மற்றபடி சரியான கிறுக்கு. மதியச் சாப்பாடு ஆனதும் அந்தச் சவப்பெட்டியில்தான் தூங்குவார். அழைக்காத இடத்துக்குள் ரத்தக்காட்டேரி நுழையாதாம். அதனால் இவரும் யாராவது ‘வாங்க’ என்று சொல்லும்வரை வாசலிலேயே நிற்பார். “உள்ளே வரலாமா?” என்று கேட்பார். நாங்கள் முதுகுக்குப் பின்னால் சிரிப்போம்.

ஒரு பழைய பங்களாவில் ஷூட்டிங். மேக்கப்புக்கு எனக்குக் கிடைத்தது ஸ்டோர் ரூம். அவ்வளவு குறுகல்... நடிகர் உட்காரும் நாற்காலி கதவில் முட்டும். அவர் எழுந்தால்தான் நான் வெளியே போக முடியும். இருந்த ஒரே ஜன்னலிலும் கறுப்புத் துணி அடித்திருந்தார்கள்.

மணி 3.10. டக்... டக்...

“உள்ளே வரலாமா?”

“வாங்க சார்.”

வந்தார். கதவைச் சாத்தினார். நாற்காலியில் உட்கார்ந்தார்.

பவுடர் போட்டேன். ஒட்டவில்லை. மறுபடி போட்டேன். அப்படியே மடியில் கொட்டியது. கன்னம் ஃப்ரிட்ஜில் வைத்த இட்லி மாவு மாதிரி இருந்தது.

“ஏசி கார்ல வந்தீங்களா சார்?”



கோரைப்பல் டப்பாவைத் திறந்தேன்.

“வாயத் திறங்க சார்.”

திறந்தார். கோரைப்பற்கள் ஏற்கெனவே இருந்தன...

நான் செய்த ஜோடி என் கையில் இருந்தது.

3.26. போன் அடித்தது. மேனேஜர் தருண்குமார்.

“செந்தில்ணா, கவின்ராஜ் சார் ரிங் ரோட்ல மாட்டிக்கிட்டாரு. ஸ்வல்ப லேட் ஆகும்.”

எதிரே பார்த்தேன். கதவுக்கு முன்னால் அது.

கத்தினேன். வெளியே ஜெனரேட்டர்... ட்ர்ர்ர்ர்... யாருக்குக் கேட்கும்?

அது என் மணிக்கட்டைப் பிடித்தது. முகர்ந்தது. செத்தேன் என்றே நினைத்தேன்.

‘போ’ என்று சொல்லியிருக்க வேண்டும். நம் வாயில் அது வருமா? யாரை அப்படி அனுப்பியிருக்கிறோம்?

“போயிட்டு... வாங்க சார்.”

பிடி தளர்ந்தது. சிரித்தது.

“எங்கே வரணும்?”

இந்த அறையை விட்டுப் போனால் போதும் என்றிருந்தது. “வீட்டுக்கு...” என்று உளறிவிட்டேன். அந்த நாக்கை இன்றும் அறுத்துப்போட வேண்டும் போலிருக்கிறது.

3.41. நாற்காலி காலி.

ஆட்டோ பிடித்து தேவராஜ மொஹல்லாவில் இருக்கும் என் வீட்டுக்கு ஓடினேன். 4.05. என் மனைவி சரசு வாசற்படியை மறித்து உட்கார்ந்து மல்லிகை கட்டிக்கொண்டிருந்தாள். உயிர் வந்தது.

“உங்க ஹீரோ வந்திருக்காரு” என்றாள். “உள்ள வரலாமான்னு கேட்டாரு. பெரிய மனுசன், எப்படி நிக்க வைக்கிறது? வாங்கன்னேன்.”

“எப்போ?”

“மூணே முக்காலுக்கு. காபி வேணாம்னுட்டாரு. உள்ளதான் உக்காந்திருக்காரு.”

அவளைத் தாண்டி உள்ளே பாய்ந்தேன். எங்களுடையது ஒற்றை அறை. பின்வாசல் கிடையாது. ஜன்னல் கம்பிகள் அப்படியே இருந்தன.

உள்ளே யாருமில்லை.

அவரை உள்ளே விட்ட பிறகு சரசு வாசற்படியை விட்டு எழுந்திருக்கவேயில்லை. யாரும் வெளியே போகவுமில்லை.