பொம்மைப் படத்துக்கு ஒரு நாள் லீவு

போன வருடம், வேலணையில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் நடந்தது இது. எனக்கு வயது முப்பத்தெட்டு. பள்ளிக்கூட நாளிலிருந்து ஒரு ஜப்பானிய அனிமே தொடருக்கு நான் பைத்தியம். அதன் புதிய படம் யாழ்ப்பாணத்தில் ஒரே ஒரு நாள், அதுவும் வேலை நாளில் காலைக் காட்சியாக ஓடப் போகிறது என்று அறிந்ததும் லீவுக் கடிதம் எழுத உட்கார்ந்தேன்.

முந்திய படத்துக்குப் போனபோது, காரணம் என்ற இடத்தில் 'தாயாருக்குக் கடும் சுகயீனம்' என்று எழுதியிருந்தேன். எங்கள் தீவுப் பக்கத்தில் அப்படி எழுதிவிட்டுத் தப்ப முடியுமா? அந்தச் சனிக்கிழமையே அலுவலகத்திலிருந்து ஐந்து பேர் பால்மாவும் தோடம்பழமுமாகப் புங்குடுதீவில் என் வீட்டுக்கு வந்துவிட்டார்கள். முற்றத்தில் விறகு கொத்திக்கொண்டு நின்ற அம்மாவை இழுத்துப்போய்க் கட்டிலில் கிடத்திப் போர்த்தினேன். வந்தவர்களில் ஓர் அக்கா, காலையிலேயே நயினாதீவு அம்மன் கோயிலுக்குப் படகேறி, அம்மாவின் பெயருக்கு அர்ச்சனை செய்து விபூதி கொண்டுவந்திருந்தார்.

அவர்கள் போனதும் அம்மா எழுந்து உட்கார்ந்து, "உன்ர படத்துக்கு நான் ஏன் சாகக் கிடக்கோணும்?" என்று கேட்டார். கூனிக் குறுகிப் போனேன்.

அதனால் இம்முறை 'படம் பார்ப்பதற்கு' என்றே எழுதினேன். அதிகாரி வாசித்துவிட்டுச் சிரித்த சிரிப்பில் எல்லோரும் திரும்பினார்கள்.

"பொம்மைப் படத்துக்கோ? நீர் என்ன சின்னப்பிள்ளையோ? இதை வெட்டிப்போட்டு, தாய்க்குச் சுகமில்லை எண்டு எழுதும். இப்பவே கையெழுத்து வைக்கிறன்."

"ஏலாது சேர். அம்மா நல்ல சுகமா இருக்கிறா."

அர்ச்சனை செய்த அக்கா தன் கதிரையிலிருந்து நிமிர்ந்தார். "அப்ப அண்டைக்கு?"

"அண்டைக்கும் சுகமாத்தான் இருந்தவ, அக்கா. நான் பொய் சொன்னனான். மன்னிச்சுக்கொள்ளுங்கோ."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு கோப்பைப் புரட்டத் தொடங்கினார். சம்பளமில்லா லீவுதான் தரலாம் என்றார் அதிகாரி. சரியென்று வாங்கிக்கொண்டு போனேன்.

படத்தின் முதல் பாதி சரியான இழுவை. வில்லனின் பழங்கதையைப் பாதியாக வெட்டியிருக்கலாம். ஆனாலும் இத்தனை வருடம் என்னோடு வந்தவர்கள் பெரிய திரையில் வரிசையாக வந்து நின்றபோது கண்ணீர் வந்தது, விசிலும் அடித்தேன். முன்னாலிருந்த, கம்பஸில் படிக்கும் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும்.

அந்த அக்கா இன்னும் என்னோடு முன்போலப் பேசுவதில்லை. அது என் பிழை, தாங்கத்தான் வேண்டும். ஆனால் படம் பார்ப்பது பிழையில்லை. யார் எப்படிச் சிரித்தாலும், என் ஆசையை மறைப்பதற்காக அம்மாவை இனி ஒருநாளும் நோயில் கிடத்த மாட்டேன்.