சிவப்பு மூக்குக் குருவி ஜோடி

தணிகாசலம் தன் நாற்பத்தோராவது வயதில்தான் முதன்முறையாக ஒரு பறவையை விலைக்கு வாங்கினான். பறவை மேல் ஆசைப்பட்டு வாங்கவில்லை. குவைத்திலிருந்து போன் செய்யும் மனைவியிடம் பேச அவனுக்கு ஒரு விஷயம் வேண்டியிருந்தது.

அவன் நகரிப் பக்கம் விசைத்தறி ஓட்டிக்கொண்டிருந்தவன். வெளியூர் மில் துணி மலிவாக வந்து இறங்கத் தொடங்கியதும் அவன் வேலை பார்த்த கொட்டகையில் எட்டுத் தறியும் ஒவ்வொன்றாக நின்றன. முதலாளி அவற்றைப் பழைய இரும்புக்குப் போட்டுவிட்டு பெங்களூருக்குப் போய்விட்டார். அதன்பின் ஒரு வருஷம் அலைந்தும் தணிகாசலத்துக்கு எந்த வேலையும் நிலைக்கவில்லை. ஆம்பளைக்கு விசா வருவது கஷ்டம், வீட்டு வேலைக்குப் பெண் என்றால் ஒரே மாதத்தில் வந்துவிடும் என்று சித்தூரில் ஒரு ஏஜெண்டு சொன்னான். 2001 நவம்பரில் சுந்தரி விமானம் ஏறினாள். இரண்டு வருஷ ஒப்பந்தம். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ஊரில் தனியாக இருக்கப் பிடிக்காமல் தணிகாசலம் திருப்பதிக்கு வந்து, ஒரு லாட்ஜில் அறை துடைக்கும் வேலையில் சேர்ந்து, கொர்லகுண்டாவில் ஒற்றை அறை ஒன்றில் குடியிருந்தான்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை சாயங்காலம் சுந்தரி கூப்பிடுவாள். தெருமுனையில் இருந்த கிருஷ்ணப்பாவின் எஸ்டிடி பூத்துக்கு அந்தப் போன் வரும். மூன்று மணிக்கே தணிகாசலம் போய் பெஞ்சில் உட்கார்ந்துவிடுவான். ஆனால் ரிசீவரைக் காதில் வைத்ததும் இருவருக்கும் பேச்சு வராது. உடம்பு எப்படி, வெயில் எப்படி என்று கேட்டு முடிந்ததும் கம்பியில் இரைச்சல் மட்டும் ஓடும். அவள் அங்கே படும் பாட்டைச் சொல்ல மாட்டாள். அவன் லாட்ஜில் கழுவும் கக்கூஸ்களைப் பற்றிச் சொல்ல மாட்டான்.

பத்தாவது மாதமோ பதினோராவது மாதமோ, அவள் திடீரென்று குருவிகளைப் பற்றிப் பேசினாள். எஜமானர் வீட்டில் பெரிய கூண்டு நிறைய சின்னச் சின்னக் குருவிகள், எல்லாவற்றுக்கும் சிவப்பு மூக்கு, கூண்டு கழுவும் வேலையை இப்போது அவளிடம் விட்டிருக்கிறார்கள்.

"பொம்ம மாதிரி பீப் பீப்னு கத்தும் மாமா. ஆணுக்குக் கன்னத்துல ஆரஞ்சு கலர்ல பொட்டு கீது. கூடு கட்டறத நீ பாக்கணும்" என்று அவள் சொல்லிக்கொண்டே போனாள். அப்படி அவள் பேசிக் கேட்டு ஒரு வருஷம் ஆகியிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை தணிகாசலம் பஸ் ஏறிச் சென்னைக்குப் போய், சந்தையில் விசாரித்து, ஃபின்ச் என்று சொன்ன அந்தக் குருவியில் ஒரு ஜோடி வாங்கினான். கூண்டு, ஒரு சின்ன மண்பானை, இரண்டு படி தினை. எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு ஊர் வந்து சேர்ந்தான். புத்தூர் தாண்டும்வரை இரண்டும் மூச்சு விடுகின்றனவா என்று துணியை விலக்கிப் பார்த்துக்கொண்டே வந்தான்.

அடுத்த போனில் அவன் விஷயத்தைச் சொன்னதும் சுந்தரி சிரித்தாள். அதற்குப் பிறகு போன் நேரம் போதவில்லை. பானையை உசரத்தில் கட்டு, வாய் சுவரைப் பார்த்து இருக்கட்டும், கூடு கட்டத் தேங்காய் நார் பிரிச்சுப் போடு, வேகவச்ச முட்டையில ஒரு துளி வை என்று அவள் சொல்லச் சொல்ல, அவன் கிருஷ்ணப்பாவிடம் பென்சில் வாங்கி பீடிக்கட்டுக் காகிதத்தில் எழுதிக்கொண்டான்.

நார் போட்டான். ஆண் குருவி ஒவ்வொரு இழையாகக் கவ்விக்கொண்டு பானைக்குள் போவதைப் பார்த்துக்கொண்டே இருக்கலாம்போல் இருந்தது. ஐந்து முட்டைகள், மொச்சைப் பருப்பு அளவில். குளிர்காலம், முட்டைக்குக் குளிருமே என்று அவன் தினமும் இன்னும் கொஞ்சம் நார் போட்டான். குருவிகளும் சளைக்காமல் எடுத்துப் போய்க் கட்டின. இருபத்தைந்து நாள் ஆகியும் குஞ்சுச் சத்தம் இல்லை. பானையை இறக்கிக் கைவிட்டுப் பார்த்தான். பானையின் வாய்வரை நார். முட்டைகளின் மேல் ஒரு கூடு, அந்தக் கூட்டில் புதிதாக நாலு முட்டை, அவற்றின் மேலும் ஒரு கூடு. எல்லாம் சில்லிட்டுக் கிடந்தன. நார் கிடைக்கும்வரை அந்தக் குருவிகள் கட்டிக்கொண்டே இருக்கும் என்பது அவனுக்குத் தெரியாது.

ஜனவரி போனில் குஞ்சு பொரித்ததா என்று அவள் கேட்டபோது அவன் முதலில் குளிரைப் பற்றிப் பேசினான். கடைசியில் சொன்னான்.

"முட்ட வச்சதும் நார நிறுத்தணும். நான்தான் சொல்லாம வுட்டுட்டேன் மாமா" என்றாள் சுந்தரி. "இன்னொரு வாட்டி வைக்கும். நீ ஒண்ணும் மனச வுட்டுடாத."

பிப்ரவரியில் கூப்பிட்டபோது அவள் குரல் தாழ்ந்திருந்தது. பக்கத்து நாட்டில் சண்டை வரப்போகிறதாம். வீட்டு ஜன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் தாள் ஒட்டுகிறார்கள். விஷப்புகை வரும் என்று பேசிக்கொள்கிறார்கள். வீட்டார் சவுதிக்குப் போனாலும் போவார்கள்.

"உன்ன இன்னா பண்ணுவாங்க?"

"தெர்ல. கேட்டா சொல்ல மாட்டேங்கறாங்க."

மார்ச் முதல் வெள்ளிக்கிழமை போன் வரவில்லை. தணிகாசலம் கிருஷ்ணப்பா ஷட்டர் இறக்கும்வரை பெஞ்சிலேயே உட்கார்ந்திருந்தான். மறுநாளிலிருந்து அவனே அவள் கொடுத்திருந்த நம்பரைப் போட்டான். மணி அடித்துக்கொண்டே இருந்தது. யாரும் எடுக்கவில்லை.

அதே வாரத்தில் பானைக்குள் நான்கு முட்டை பொரிந்தன. இந்தத் தடவை அவன் நாரைக் கண்ணிலேயே காட்டவில்லை. ரோஜா நிறத்தில் கண் திறக்காத நான்கு உயிர்கள், தாய் வந்து நின்றதும் கழுத்தைத் தூக்கி வாயைப் பிளந்தன. அதைச் சொல்ல ஆள் இல்லை. அவன் பூத்துக்குப் போய் நம்பரைப் போட்டு, மணி அடிப்பதைக் கேட்டுவிட்டு வந்தான்.

இருபதாம் தேதி சண்டை தொடங்கியது. குவைத் மேலும் ஏவுகணை விழுந்தது என்று டீக்கடை டிவியில் காட்டினார்கள். சைரன் சத்தம் கேட்டது. தணிகாசலம் கையில் டீயுடன் நின்று, அந்தத் தெருக்களில் எங்காவது அவள் தெரிகிறாளா என்று பார்த்தான். பிறகு பூத்துக்கு ஓடினான். மணி அடித்தது.

"ரிங் போவுதுன்னா வூடு கீதுன்னு அர்த்தம் தணிகா. அத நென" என்றார் கிருஷ்ணப்பா.

சித்தூரில் திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசில் மனு வாங்குவார்கள் என்று யாரோ சொன்னார்கள். தணிகாசலம் லாட்ஜில் லீவு கேட்டுக்கொண்டு விடியற்காலை பஸ்ஸைப் பிடித்தான். நாள் முழுக்க வர முடியாது என்பதால் கூண்டில் தினையை நிரப்பி, வேகவைத்த முட்டையை வழக்கமான துளிக்குப் பதில் பாதியாக உதிர்த்து வைத்துவிட்டுப் போனான்.

வரிசையில் மதியம்வரை நின்றான். மேஜைக்குப் பின்னால் இருந்த கிளார்க் தெலுங்கும் தமிழும் கலந்து, கோபப்படாமல்தான் கேட்டார்.

"பாஸ்போர்ட் ஜெராக்ஸ் உந்தா, இருக்கா?"

"லேது சார். ஏஜெண்டுகிட்ட கீது."

"ஸ்பான்சர், அதான் வேலைக்கு வச்சவங்க பேரு?"

"பாபான்னு கூப்புடுவா சார்."

"பாபா அன்டே ஐயா அனி அர்த்தம். அது பேரு இல்லப்பா. வீட்டு அட்ரஸ், தெரு, ஏதாவது?"

அவனிடம் இருந்தது அந்த நம்பர் மட்டும். பதினாறு மாதம் போனில் பேசியிருக்கிறான். அவள் எந்தத் தெருவில் இருக்கிறாள் என்று ஒருநாளும் கேட்டதில்லை. கிளார்க் நம்பரை எழுதிக்கொண்டு, முடிந்ததைச் செய்வதாகச் சொன்னார். தணிகாசலம் அங்கிருந்து ஏஜெண்டின் ஆபீசுக்கு நடந்தான். போர்டைக் கழற்றியிருந்தார்கள். பக்கத்துக் கடைக்காரர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலேயே குடிக்கத் தண்ணீர் கொடுத்தார்.

பொழுது சாயும் நேரத்தில் வீட்டுக்கு வந்தான். கதவைத் திறக்கும்போதே குருவிகள் கத்திய கத்தல் வேறு மாதிரி இருந்தது. இரண்டும் கம்பியில் மோதி மோதி விழுந்தன. சுவரில் ஜன்னலிலிருந்து கூண்டுவரைக்கும் சிவப்பாக ஒரு கோடு. உதிர்த்து வைத்த முட்டைக்கு வந்த எறும்பு, அதைத் தின்று முடித்து பானைக்குள் போயிருந்தது.

வெறுங்கையால் பானையை இறக்கி உள்ளே விரலை விட்டு எடுத்தான். இரண்டு குஞ்சுகள் செத்துப்போயிருந்தன. மற்ற இரண்டின் இறகு முளைக்கும் குருத்துகளுக்கு நடுவே எறும்புகள் கடித்துத் தொங்கின. ஒவ்வொன்றாகப் பிய்த்தான். அவன் கை முழுக்கக் கடிபட்டு வீங்கியது. பானையைத் தெருவில் போட்டு உடைத்தான். ஒரு கொட்டாங்குச்சியில் பழைய வேட்டித் துணியை மெத்தையாக வைத்து, குஞ்சுகளை அதில் விட்டு, பானை இருந்த அதே இடத்தில் கட்டினான். கூண்டைச் சுவரை விட்டு நகர்த்தி, அதன் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தினான். பிறகு எட்டிப்போய்ச் சுவரோரம் உட்கார்ந்தான். தாயும் தகப்பனும் கிட்டவே வரவில்லை.

பக்கத்து வீட்டுச் செங்கம்மா வாசலில் வந்து நின்றாள். "பொண்டாட்டி இருக்காளா இன்னான்னு தெர்ல. நீ குருவிக்குத் தொட்டிலு கட்டிக்கினு கீறியே தம்பி" என்றாள். அவள் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. தணிகாசலத்துக்கு அழுகை வந்தது. அவள் குரலைக் கேட்காத ஆறு வாரமாக வராத அழுகை, அவள் எதிரில், நிறுத்த முடியாமல் வந்தது. செங்கம்மா உள்ளே வந்து, வீங்கிய அவன் கைக்குச் சுண்ணாம்பு தடவினாள்.

வெகுநேரம் கழித்து ஆண் குருவி கொட்டாங்குச்சியின் விளிம்பில் போய் உட்கார்ந்தது. உள்ளே எட்டிப் பார்த்தது. குஞ்சு ஒன்று வாயைப் பிளந்தது. தகப்பன் தொண்டையைக் குலுக்கி ஊட்டியது. மற்றொரு குஞ்சு வாயைத் திறக்கவில்லை. அது விடிவதற்குள் செத்துப்போனது. பிழைத்தது ஒன்றுதான்.

ஏப்ரல் வெள்ளிக்கிழமையும் சும்மா போயிற்று. சண்டை ஓய்ந்துவிட்டது என்று டிவியில் சொன்ன பிறகும் மணி மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. உயிரோடு இருந்தால் கூப்பிட்டிருப்பாளே என்று நினைத்து நினைத்து அவன் சோறு தின்பதையே விட்டிருந்தான். மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, லாட்ஜுக்கே ஆள் அனுப்பினார் கிருஷ்ணப்பா. சுந்தரி போன் செய்தாளாம், பத்து நிமிஷத்தில் மறுபடி கூப்பிடுகிறாளாம். தணிகாசலம் கையில் துடைப்பத்தோடு ஓடினான்.

"மாமா."

"சொல்லு."

"எல்லாரும் சவுதிக்குப் போய்ட்டாங்க. கதவ வெளிய பூட்டிக்கினு போய்ட்டாங்க. அரிசி கீது, கூண்ட பாத்துக்கோன்னாங்க. நாப்பத்தொம்பது நாளு. நேத்துதான் திரும்பி வந்தாங்க." அவள் நிறுத்தி நிறுத்திப் பேசினாள். "போன் ஹால்ல. ஹாலும் பூட்டு. தெனம் அடிக்கும். நீதான்னு தெரியும். நான் கதவாண்ட உக்காந்துகினு கேப்பேன். மாமா மாமான்னு கத்துவேன். அதுபாட்டுக்கு அடிச்சிட்டு நின்னுபூடும்."

தணிகாசலம் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்தான்.

"தின தீந்துபோச்சி. அரிசிய இடிச்சிப் போட்டேன். நெறைய செத்துப்போச்சி. சைரன் அடிக்கறப்பல்லாம் மொத்தமா எழும்பிக் கம்பில அடிச்சிக்கும். நானும் அப்டிதான் கெடந்தேன்."

"வந்துடு சுந்தரி."

"பாஸ்போர்ட்டு அவங்களாண்ட கீது. நவம்பர்ல தருவாங்களாம்." பிறகு சொன்னாள்: "அதுங்கள வூட்ல வச்சிக்காத மாமா. நான் வந்தா அந்தச் சத்தம் என்னால கேக்க முடியாது."

அவன் சரி என்றான். ஒரு குஞ்சு பிழைத்ததைச் சொல்லவே இல்லை.

திறந்துவிட்டால் அரைநாளில் காக்கை அடித்துவிடும் என்பது அவனுக்கு இப்போது தெரியும். லாட்ஜ் சமையல்காரர் வேதாச்சலத்துக்குப் புத்தலப்பட்டில் சொந்த வீடு. பின்பக்கம் ஆள் நிற்கும் உயரத்தில் கம்பிவலை அடித்த ஒரு கொட்டகை வைத்திருந்தார். ஆடியில் ஒரு ஞாயிறு தணிகாசலம் கூண்டை அங்கே எடுத்துப் போனான். கொடுத்துவிட்டு உடனே கிளம்பவில்லை. எறும்புக்குத் தண்ணீர் வைப்பது, முட்டை வைத்ததும் நாரை நிறுத்துவது எல்லாவற்றையும் வேதாச்சலத்திடம் இரண்டு தரம் சொன்னான். திருப்பதி வரும் கடைசி பஸ் போய்விட்டதால் ரயில் பிடிக்கப் பாகாலாவரை நடந்தான்.

சுந்தரி டிசம்பரில்தான் வந்தாள். சென்னை ஏர்போர்ட்டில் அவளை அவனுக்குச் சட்டென்று அடையாளம் தெரியவில்லை. உடம்பு பாதியாகியிருந்தது, முன்பக்க முடி நரைத்திருந்தது. திருப்பதி பஸ்ஸில் ஜன்னலை முழுக்கத் திறக்கச் சொன்னாள். பனிக்காற்று அடித்தது, பின்சீட்டுக்காரர் முணுமுணுத்தார். அவள் மூடவில்லை. பஸ் நகரியைத் தாண்டியது.

"அதுங்கள இன்னா பண்ண?" என்று கேட்டாள்.

"புத்தலப்பட்டுல ஒருத்தர்கிட்ட குடுத்துட்டேன். பெரிய எடம்."

"எத்தினி?"

"மூணு. ஒரு குஞ்சு பொழைச்சிது."

அவள் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "மூணும் ஒண்ணாதான குடுத்த?"

"ஒண்ணாதான்" என்றான் தணிகாசலம்.

அவள் தலையசைத்தாள். பிறகு அவன் கையைத் திருப்பி, புறங்கையில் புள்ளி புள்ளியாக இருந்த தழும்புகளைப் பார்த்தாள். எதனால் வந்தது என்று கேட்டாள். பஸ் புத்தூருக்குள் நுழைவதற்குள் அவன் எல்லாவற்றையும் சொல்லி முடித்திருந்தான்.