போத்தலில் இருந்த ஒயில்

எங்கள் சந்தியில் மோட்டார் சைக்கிள் திருத்துகிறவர் ஒருவர் இருக்கிறார். என்ன பழுது என்று சொல்லிக்கொண்டு போனாலும் முதலில் ஒரே கேள்வியைத்தான் கேட்பார்: "என்ன ஒயில் விட்டனீங்கள்?" கிளச் வழுக்குகிறது என்றாலும் அதுதான், லைற் எரியவில்லை என்றாலும் அதுதான். லைற்றுக்கும் ஒயிலுக்கும் என்ன சம்பந்தம் என்று ஒருநாள் கேட்டேன். சம்பந்தமில்லை, ஆனால் ஒயிலைப் பற்றி ஆட்கள் சொல்லுகிற விதத்திலேயே மிச்சக் கதையைக் கண்டுபிடித்துவிடலாம் என்றார். எனக்குக் கோபம் வந்தது. எனக்குக் கோபம் வருவதற்குப் பெரிய காரணம் தேவையில்லை. மூக்கு நுனியில் கோபம் என்று என் மனைவி சொல்லுவாள். அவள் குறைத்துச் சொல்லுகிறாள்.

நான் வயல் செய்கிறவன். என் தகப்பனார் யாழ்ப்பாணக் குடாநாட்டிலிருந்து வாய்க்கால் பாயும் வயல் காணிக்காக வந்து ஜெயபுரத்துக்குக் கிட்டக் குடியேறியவர். திருத்துகிறவருடைய பெற்றோர் மலைநாட்டுத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்தவர்கள். ஒரே றோட்டில்தான் இருக்கிறோம், ஒரே வாய்க்கால் தண்ணீர்தான். இருந்தாலும் நாங்கள் ஒரு படி மேலே என்ற கொழுப்பு எனக்குள் எங்கேயோ கிடந்தது. யாராவது கேட்டிருந்தால் இல்லை என்று சத்தியம் பண்ணியிருப்பேன். என்னைவிடப் பதினைந்து வயது குறைந்தவர் ஒயிலைப் பற்றி எனக்குப் பாடம் எடுத்தபோது உள்ளுக்குள் எரிந்தது அந்தக் கொழுப்புத்தான்.

இன்னொன்றும் இருந்தது. யுத்தத் தடையில் பெற்றோல் கண்ணால் காணக் கிடைக்காத காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடியவர்கள் நாங்கள். ஸ்ராட் ஆக்குவதற்கு மட்டும் மருந்துப் போத்தலிலிருந்து நாலு சொட்டுப் பெற்றோல் விடுவோம். பிறகு அது மண்ணெண்ணெயைக் குடித்துப் புகையைக் கக்கிக்கொண்டு போகும். என்ஜினுக்குள் எது கிடைத்ததோ அதை ஊற்றினோம். வழுவழுப்பாக இருந்தால் அது ஒயில். அந்தக் காலத்தைக் கடந்து வந்த எங்களில் பலருக்கு இன்றைக்கும் அதே நினைப்புத்தான், எந்தக் கொம்பன் வந்து சொன்னாலும் ஏறாது.

இப்படித்தான் மழைக்கால நெல் விதைப்பான காலபோகத்து உழவுக்கு முன்னம் ட்ராக்டருக்கு ஒயில் மாற்றினேன். கானில் இரண்டு லீற்றர் மிஞ்சியது. வீணாகப் போகிறதே என்று அதில் பாதியை மோட்டார் சைக்கிளுக்கு விட்டேன். மூன்று கிழமையில் கிளச் வழுக்கத் தொடங்கியது. முறுக்க முறுக்க இரைச்சல் ஏறும், நகர்வதோ மாட்டு வண்டி மாதிரி.

வேறு நேரமாக இருந்திருந்தால் ஒரு மாதம் அப்படியே ஓடியிருப்பேன். ஆனால் மகளுக்கு உயர்தரப் பரீட்சை வரப்போகிறது. அது இரண்டாம் முறை. முதல் முறை பஸ் நடுவழியில் நின்று, நாற்பது நிமிடம் பிந்திப் போனாள். மண்டபத்துக்குள் விடவில்லை. வாசலில் நின்று அழுதுவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தவள். இந்த முறை தனிப்பட்ட பரீட்சார்த்தி என்பதால் பரீட்சை நிலையம் கிளிநொச்சிப் பட்டணத்தில். அவள் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னாள்:

"இந்த முறையும் பிந்தினா நான் இனிச் சோதினை எடுக்கமாட்டன், அப்பா. காமென்ற்ஸில தைக்கப் போறன்."

சொன்னால் செய்கிற பிள்ளை. என் பிடிவாதம் அப்படியே அவளிடம் இருக்கிறது.

ஆகவே சந்தியில் திருத்துகிறவரின் கராஜுக்குப் போனேன். கழற்றிப் பார்த்தார், கிளச் பிளேற் எரிந்துபோயிருந்தது. வழக்கமான கேள்வி வந்தது. மோட்டார் சைக்கிள் ஒயில்தான் என்றேன், கண் இமைக்காமல். பழைய ஒயிலை வடித்துப் புதுப் பிளேற் போட்டார். தன்னிடம் ஒயில் முடிந்துவிட்டது, கடையில் ஒன்று வாங்கி வரும்படி சொன்னார். கடை பக்கத்தில்தான். நான் கடைக்குப் போகவில்லை, வீட்டுக்குப் போனேன். மாட்டுக் கொட்டிலில் வெறும் மோட்டார் சைக்கிள் ஒயில் போத்தல் ஒன்று கிடந்தது. ட்ராக்டர்க் கானில் மிஞ்சியிருந்ததை அதற்குள் வார்த்து, வெளியே துணியால் துடைத்து, கொண்டுபோய்க் கொடுத்தேன். அவர் போத்தலைப் பார்த்தார், நம்பினார், ஊற்றினார். காசு மிச்சம் பிடிக்கத்தான் செய்தேன் என்றால் அது பாதி உண்மை. அவருடைய பாடம் பிழை என்று எனக்கு நானே காட்டவேண்டியிருந்தது.

பரீட்சைக்கு இரண்டு நாள் இருக்க மறுபடி வழுக்கியது. அன்றைக்கு மகளும் பின்னால் இருந்தாள். அனுமதி அட்டையைப் பிரதி எடுக்கப் போய் வருகிற வழி. இரைச்சல் போட்டுக்கொண்டு நகராமல் நின்ற மோட்டார் சைக்கிளை உருட்டிக்கொண்டு கராஜுக்குப் போனேன். நாலைந்து பேர் நின்றார்கள். நான் வாயைத் திறந்தேன். கள்ளப் பிளேற் போட்டு ஏமாற்றுகிறாய், என் பிள்ளையின் சோதினையைக் கெடுக்கப் பார்க்கிறாய், தெரியாத வேலையை ஏன் செய்கிறாய் என்று கத்தினேன். இன்னும் சொன்னேன். எங்கிருந்து வந்தவர்கள் என்பதையும் இழுத்தேன். அதை இங்கே எழுதக் கை கூசுகிறது.

அவர் ஒயில் மூடியைத் திறந்து இரண்டு விரலால் தொட்டு உரசிப் பார்த்தார். மூக்கில் வைத்து மணந்து பார்த்தார். என்னைப் பார்த்தார். பிறகு எனக்குப் பின்னால் பார்த்தார்.

"பிளேற்றிலதான் பிழை இருக்கும், அண்ணை. என்ர பிழைதான். நாளைக்குப் பின்னேரம் தாறன்."

நின்றவர்கள் தலையாட்டினார்கள். நான் வென்ற ஆள் மாதிரி மகளைக் கூட்டிக்கொண்டு நடந்து வீட்டுக்குப் போனேன்.

அடுத்த நாள் பின்னேரம் சொன்னபடி தந்தார். கிளச் புது மோட்டார் சைக்கிளுக்குப் பிடிப்பதுபோலப் பிடித்தது. ஒரு குறை மட்டும் இருக்கிறது என்றார். ஹான்டிலுக்குக் கீழே லைற் வயர் உள்ளுக்குள் அறுந்திருக்கிறதாம். இப்போதைக்கு ஒட்டு நாடா சுற்றியிருப்பதாகவும், ஹான்டிலைத் திருப்பினால் லைற் போகக்கூடும் என்றும், அந்த வயர் பட்டணத்தில்தான் எடுக்கவேண்டும் என்றும் சொன்னார். நாளைக்கு எத்தனை மணிக்கு வெளிக்கிடுகிறீர்கள் என்று கேட்டார். ஐந்து மணிக்கு என்று வேண்டாவெறுப்பாகச் சொன்னேன்.

ஐந்து மணிக்கு வெளிக்கிட்டோம். மழைக் காலம், நல்ல இருட்டு, பனியும் மூடியிருந்தது. குளக்கட்டு வளைவில் ஹான்டிலைத் திருப்பினேன், லைற் போய்விட்டது. நிறுத்தி எல்லோரும் செய்வதுபோல உள்ளங்கையால் அடித்தேன். ஒருமுறை கண்ணைச் சிமிட்டிவிட்டு ஒரேயடியாக அணைந்தது. றோட்டெல்லாம் குழியும் கிடங்கும், கிடங்கெல்லாம் தண்ணீர், நடுவில் எங்கே மாடு படுத்திருக்கிறது என்று தெரியாது. விடியும்வரை நின்றால் நேரம் போய்விடும். பின்னால் மகள் மூச்சு விடுகிற சத்தம் கேட்டது. பயந்து பயந்து மெதுவாக ஓட்டினேன்.

அப்போதுதான் பின்னாலிருந்து வெளிச்சம் வந்தது. எவனோ ஒருவன் முழு லைற்றையும் போட்டுக்கொண்டு வந்தான். கண்ணாடியில் பட்டுக் கண் கூசியது. முந்திப் போ என்று கை காட்டினேன், போகவில்லை. நான் மெதுவாகப் போனால் அவனும் மெதுவாக வந்தான், வேகம் எடுத்தால் அவனும் எடுத்தான். அறிவுகெட்டவன் என்று வாய்விட்டே திட்டினேன்.

"பேசாதேங்கோ, அப்பா," என்றாள் மகள். "அவற்ர வெளிச்சத்திலதான் நாங்கள் போறம்."

அது உண்மை. எங்களுக்கு முன்னால் கிடங்கும் மாடும் துலக்கமாகத் தெரிந்தன. அதன்பின் நான் திட்டவில்லை. கிளச் ஓர் இடத்திலும் வழுக்கவில்லை. ஏழு மணிக்கு முன்னமே நிலையத்துக்குப் போய்ச் சேர்ந்தோம். மகள் என் தோளைத் தொட்டுவிட்டு உள்ளே போனாள்.

திரும்பிப் பார்த்தேன். எதிரே தேநீர்க் கடை வாசலில் தன் மோட்டார் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தார் எங்கள் சந்தித் திருத்துகிறவர். உடுப்பெல்லாம் சேறு. வயர் வாங்க வந்ததாகச் சொன்னார். நான் தெருவைப் பார்த்தேன். பாகங்கள் விற்கிற கடைகள் எல்லாம் பூட்டிக் கிடந்தன. அவை ஒன்பது மணிக்குத்தான் திறக்கும் என்பது எனக்கே தெரியும்.

"கொஞ்சம் வெள்ளனவா வந்திட்டன், அண்ணை," என்றார்.

இரண்டு பேரும் தேநீர் குடித்தோம். கடைசியில் கேட்டேன்.

"அண்டைக்கு ஒயிலைத் தொட்டுப் பாத்தனீர். என்ன ஒயில் எண்டு தெரிஞ்சதுதானே?"

"ஓம்."

"பிறகேன் உம்மட பிழை எண்டு சொன்னனீர்?"

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். "பிள்ளை பக்கத்தில நிண்டவ, அண்ணை."

கடை திறந்ததும் வயர் வாங்கி, நிலையத்துக்கு முன்னால் மர நிழலில் குந்தியிருந்து மாற்றினார். மாற்றிக்கொண்டே, கேட்காமலே விளக்கமும் சொன்னார். ட்ராக்டரின் கிளச் ஒயில் படாமல் வெளியே இருக்கிறதாம், மோட்டார் சைக்கிளின் கிளச் பிளேற் என்ஜின் ஒயிலுக்குள்ளேயே ஊறிக் கிடக்கிறதாம். ட்ராக்டர் ஒயில் அந்தப் பிளேற்றை வழுக்க வைக்குமாம், ஒன்றுக்கு நல்லது மற்றதற்கு ஆகாது. இந்த முறை நான் பாடத்தை ஒழுங்காகக் கேட்டேன். வெட்கத்தில் முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அதைவிடப் பெரிதாக நன்றி இருந்தது, அதையும் எங்கே வைப்பது என்று தெரியவில்லை. நான் இழுத்துப் பேசிய பேச்சுக்கு அவர் என்னைக் குளக்கட்டில் தவிக்க விட்டிருந்தாலும் நியாயம்தான். என் பிள்ளைக்கு முன்னால் என்னைத் தகப்பனாக நிற்க விட்டிருக்கிறார்.

பின்னேரம் வீடு திரும்புகிற வழியில் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முன்னால் பார்த்துக்கொண்டு சொன்னது வசதியாக இருந்தது. வீட்டு வாசலில் இறங்கியபின், கராஜுக்கு இதைச் சொல்லப் போகும்போது தன்னையும் கூட்டிக்கொண்டு போகும்படி மட்டும் சொன்னாள்.

எல்லாப் பாடத்தையும் அவள் நேரத்துக்குப் போய் எழுதினாள். இப்போது கம்பஸில் படிக்கிறாள். ஆனால் நன்றி என்று நினைத்தால் என் மனதில் முதலில் வருவது முடிவு வந்த நாள் அல்ல. கடைசிப் பாடம் எழுதியதற்கு அடுத்த சனிக்கிழமைதான். அன்றைக்கு மகளோடு கராஜுக்குப் போனேன். மூன்று பேர் நின்றார்கள், அதில் இரண்டு பேர் நான் கத்தியபோது நின்றவர்கள். அவர் ஒரு சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அண்டைக்கு நான் கத்தினது பிழை," என்றேன் எல்லோருக்கும் கேட்கும்படி. "பிளேற் நல்ல பிளேற். போத்தலுக்க ட்ராக்டர் ஒயிலை விட்டுக் கொண்டந்தது நான்தான்."

அவர் நிமிரவில்லை. "அண்ணை பகிடி விடுறார்," என்றார் நின்றவர்களிடம். அவர்கள் சிரித்தார்கள். அப்போதும் நான் தப்பிப்பதற்கு ஒரு வழியைத் திறந்து வைத்திருந்தார்.

"பகிடி இல்லை, மாமா," என்றாள் என் மகள். "அப்பா என்னட்டையும் சொல்லிப்போட்டார்."