கிராம்பு எண்ணெயும் அப்பாவின் விரலும்

ஆவடியில் பல் டாக்டரிடம் உட்கார்ந்தவுடன் கிராம்பு வாசனை அடித்தது. அப்பா ஞாபகம் வந்துவிட்டது.

அப்பா முரடர். தொட்டதற்கெல்லாம் அடிப்பார், அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. ஆனால் கிராம்பை இடித்துத் தேங்காய் எண்ணெயில் போட்டு, பட்டாபிராம் வீட்டு ஓட்டின்மேல் ஒரு வாரம் வெயிலில் வைத்து வடிகட்டுவதும் அவர்தான். ஏழு வயதில் எனக்குப் பல்வலி வந்தபோது, பஞ்சில் அந்த எண்ணெயைத் தொட்டுக் கடைவாய்ப் பல்லில் அழுத்தினார். எரிச்சலில் அவர் விரலை ரத்தம் வரக் கடித்துவிட்டேன். அறை விழும் என்று கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"கடிச்சிக்கோம்மா. மரத்துப் போற வரிக்கும் கடிச்சிகினே இரு" என்றார். விரலை எடுக்கவே இல்லை.

"இன்னும் ஊசியே போடலையே, ஏம்மா அழறீங்க?" என்றார் டாக்டர்.

"நீங்க உங்க வேலையப் பாருங்க சார்" என்றேன்.