பச்சைத் துணி சுற்றிய பிள்ளை

வெயிலில் காய்ந்து விறைத்த படுக்கை விரிப்புகளின் வாசமும், தரை கழுவும் மருந்துத் தண்ணீரின் நெடியும் கலந்து மூக்கை எரிக்கும் ஒரு சின்ன அறைக்குள், என் எட்டாவது வயதில் ஒரு முழுக் காலைப்பொழுது ஒளிந்திருந்தேன். எங்கள் கரையோரத்து ஆஸ்பத்திரிகளில் ஒன்றின் பிரசவ வார்டில், துணி அடுக்கி வைக்கும் அறை அது. எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லப்போவதில்லை. அங்கேதான் உம்மா "அட்டெண்டன்" வேலை செய்தார்.

வாப்பா சவூதியில் சாரதியாக இருந்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாட்களில் என்னை உம்மாவின் தங்கை சாச்சி வீட்டில் விட்டுவிட்டு உம்மா வேலைக்குப் போவது வழக்கம். அன்றைக்குச் சாச்சி அக்கரைப்பற்றில் ஒரு கலியாணத்துக்குப் போய்விட்டதால், உம்மா வேறு வழியில்லாமல் என்னைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போனார். வார்டுக்குள் சிறுவர்களைக் கொண்டுவரக் கூடாது என்பது அங்கே கல்லில் வெட்டிய சட்டம். மேட்ரன் கண்டால் உம்மாவை அந்த வார்டிலேயே வைத்திருக்க மாட்டார் என்பது எனக்கும் தெரியும். உம்மாவுக்கு அந்த வார்டென்றால் உயிர். அன்று பிறந்த பிள்ளைகள் எத்தனை, எது அப்பன் சாயல், எது தும்மியது என்று வீட்டுக்கு வந்தும் அதே கதைதான்.

"அசையப்படாது, இருமப்படாது. ஆராச்சும் கதவத் தொறந்தா துணிக்குப் பின்னால பூந்துக்க. விளங்கினயா?" என்றார் உம்மா. நான் தலையாட்டினேன். ஆனால் வாயை மூடிக்கொண்டு ஓரிடத்தில் இருக்கும் குணம் எனக்குப் பிறப்பிலேயே கிடையாது.

பகல் பன்னிரண்டு மணிக்கு நோயாளிகளைப் பார்க்க ஆட்களை விட்டார்கள். அதற்குச் சற்று முன்புதான் உம்மா சத்திரசிகிச்சை அறையிலிருந்து இரண்டு குழந்தைகளைக் கொண்டுவந்து, என் கதவுக்கு நேரெதிரே இருந்த இரண்டு சின்னத் தொட்டில்களில் கிடத்தினார். கதவு இடுக்கால் பார்த்தேன். ஒன்று வெள்ளைத் துணியிலும் மற்றது பச்சைத் துணியிலும் சுற்றியிருந்தன. தாய்மார் இருவரும் இன்னும் மயக்கம் தெளியாமல் உள்ளே கிடந்தார்கள். ஒருத்தி பொத்துவில் பௌசியா, மற்றவள் கல்முனையில் கடலுக்குப் போகும் ஒருவரின் மனைவி சாந்தி. இதெல்லாம் உம்மாவும் தாதியும் கதைத்ததில் காதில் விழுந்தவை. அப்போது உள்ளேயிருந்து யாரோ கூப்பிட, உம்மா தள்ளுவண்டியை எடுத்துக்கொண்டு ஓடினார்.

பச்சைத் துணிக்குள் இருந்த பிள்ளை அழத் தொடங்கியது. வேறு யாரும் பக்கத்தில் இல்லை. நான் மெல்ல வெளியே வந்து, உம்மா செய்வதைப் போல அதன் நெஞ்சைத் தட்டினேன். அந்த நேரம் பார்த்துத் தொப்பி போட்ட ஒரு வயதானவர் வந்து நின்றார். பௌசியாவின் மாமனார். பிள்ளையின் தகப்பன் கட்டாரில் இருந்தபடியால், காதில் பாங்கு சொல்லும் கடமை அவர் தலையில் விழுந்திருந்தது. எங்களில் பிறந்த பிள்ளையின் வலது காதில் தொழுகைக்கு அழைக்கும் பாங்கும் இடது காதில் அதையடுத்து ஓதும் இகாமத்தும் சொல்வார்கள். உலகத்தில் அது கேட்கும் முதல் சொல் அதுவாக இருக்க வேண்டும்.

"மகள், பௌசியாட புள்ள எது? எனக்கு ஒரு மணி பஸ்ஸப் புடிக்கணும்" என்றார்.

தெரியாது என்று சொல்லியிருக்கலாம். ஆனால் ஒரு பெரிய மனிதர் என்னிடம் கேட்கிறார்! எங்கள் பள்ளிவாசல் கொடி பச்சை, வீட்டில் குர்ஆனைச் சுற்றி வைத்த துணி பச்சை. பச்சை சுற்றிய பிள்ளை எங்களுடையதாக இல்லாமல் வேறு யாருடையதாக இருக்கும்? விரலை நீட்டிக் காட்டினேன். சத்திரசிகிச்சை அறைத் துணிதான் பச்சை, மற்றப் பிள்ளைக்குச் சுற்றியது வீட்டிலிருந்து வந்த வெள்ளைத் துணி என்பது எனக்கு எங்கே தெரியும்.

அவர் குனிந்து, கண்ணை மூடி, தாழ்ந்த குரலில் சொல்லி முடித்தார். பிள்ளையும் அழுகையை நிறுத்திவிட்டது. அதன் நெற்றியில் முத்தமிட்டுவிட்டு அவர் போன சற்று நேரத்தில் உம்மா வந்தார். நான் பெருமையாக நடந்ததைச் சொன்னேன். உம்மா பிள்ளையின் கையில் கட்டியிருந்த, தாயின் பெயரும் நம்பரும் எழுதிய துண்டை வாசித்தார். மற்றப் பிள்ளையின் துண்டையும் வாசித்தார். பிறகு முதலாவதை இன்னொரு தரம் வாசித்தார்.

"யா அல்லாஹ்! இது சாந்திட புள்ளடி."

உம்மாவின் முகத்தில் அப்படியொரு பயத்தை நான் அதற்கு முன் கண்டதில்லை. தமிழர், முஸ்லிம் என்று இரண்டு சமூகமும் ஒன்றையொன்று ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த காலம் அது. பிழையான பிள்ளைக்குப் பாங்கு சொன்னார்களாம் என்று பேச்சு வெளியே போனால், தெருமுனையைத் தாண்டுவதற்குள் அது பிள்ளை மாறிவிட்டதாம் என்று ஆகிவிடும். அதற்குப் பிறகு ஆஸ்பத்திரி கேட்டடியில் கூடும் சனத்துக்கு யார் பதில் சொல்வது? உம்மா என்னைத் துணி அறைக்குள் தள்ளிக் கதவைச் சாத்திவிட்டு, செருப்பைக்கூட மாட்டாமல் பஸ் நிற்குமிடத்துக்கு ஓடினார்.

நான் கதவு இடுக்கால் அந்த இரண்டு தொட்டில்களையும் கண் இமைக்காமல் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணை எடுத்தால் பிள்ளைகள் உண்மையாகவே மாறிவிடுமோ என்று பயமாக இருந்தது. தெரிந்த குர்ஆன் சூறாக்களையெல்லாம் ஓதினேன், பாதியில் எல்லாம் குழம்பின.

உம்மா பெரியவரைக் கூட்டிக்கொண்டு மூச்சிரைக்க வந்து சேர்ந்த அதே நேரம் மேட்ரனும் வந்துவிட்டார்.

"என்ன நடந்தது? ஏன் வார்ட விட்டுட்டு ஓடினீங்க?"

உம்மா ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. "நான்தான் மிஸ். நம்பரப் பாக்காம இவருக்குப் பிழையான புள்ளயக் காட்டிட்டன்."

பெரியவர் உம்மாவைப் பார்த்தார். அவருக்குக் காட்டியது யாரென்று அவருக்குத் தெரியும். அவர் பார்வை கொஞ்சமாகத் திறந்திருந்த என் கதவுப் பக்கம் வந்து போனது. "ஓம் மிஸ், இவதான் காட்டின. அவசரத்துல நடந்து போச்சு" என்றார். பிறகு வெள்ளைத் துணியில் இருந்த தன் பேரப்பிள்ளையிடம் போய்க் குனிந்தார்.

வெளியே வந்து "நான்தான்" என்று சொல்ல நினைத்தேன். ஆனால் துணிக்குப் பின்னால் புகுந்துகொண்டேன்.

சாந்தி மயக்கம் தெளிந்ததும் மேட்ரனின் சொற்படி உம்மாவே போய் அவரிடம் சொன்னார். சாந்தி பிள்ளையின் கையிலிருந்த துண்டை மூன்று தரம் வாசித்துக் காட்டச் சொன்னார். வாசித்து முடித்தபின் கொஞ்ச நேரம் பிள்ளையின் முகத்தைப் பார்த்தார். "மற்றப் பிள்ளைக்கும் ஓதியாச்சா?" என்று கேட்டார். "ஓம்" என்றார் உம்மா. "அப்ப சரி" என்றார் சாந்தி. கதை அதோடு வார்டுக்குள்ளேயே நின்றது. ஆனால் அடுத்த கிழமை உம்மாவை வெளிநோயாளர் பக்கம் கூட்டித் துடைக்க அனுப்பினார்கள். பிரசவ வார்டுக்குத் திரும்ப அவருக்கு இரண்டு வருடம் பிடித்தது. அந்த இரண்டு வருடமும் எங்கள் வீட்டில் பிள்ளைகளைப் பற்றிய பேச்சே இல்லை.

உம்மா என்னை ஏசவில்லை. அன்று திரும்பும்போது சைக்கிளை மிதித்தபடி ஒன்று மட்டும் சொன்னார்: "ஒருத்தருட்டயும் சொல்லப்படாது. காட்டினது நான்தான்."

இப்போது நான் வேலை செய்யும் அலுவலகத்தில் வருடத்தில் ஒரு நாள் பிள்ளைகளைக் கூட்டிவரலாம். பலூன் கட்டுகிறார்கள், கேக் வெட்டுகிறார்கள். எல்லோரும் சிரித்துக்கொண்டிருக்க, நான் மட்டும் மகளின் கையை விடாமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு திரிகிறேன்.

போன வருடம் உம்மா மௌத்தானார். அவரோடு வேலை செய்த ஒரு தமிழ்த் தாதி, வேலையிலிருந்து இளைப்பாறியவர், எங்கள் வீட்டுக்கு வந்து என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். "உங்கட உம்மா இத்தனை வருசத்துல ஒரேயொரு பிழைதான் விட்டவ. அதையும் மறைக்காமத் தானே ஒத்துக்கொண்டவ" என்றார். சுற்றியிருந்த பெண்கள் தலையாட்டினார்கள். நானும் தலையாட்டினேன்.

அந்த வார்டை இடித்துவிட்டார்கள். துணி அறை இருந்த இடத்தில் மின்தூக்கி ஏறி இறங்குகிறது. மேட்ரன் இல்லை, பெரியவரும் இருக்க வழியில்லை. கேட்க வேண்டியவர்கள் எல்லோரும் போனபிறகு சொல்வது லேசு என்று எனக்குத் தெரியும். இருந்தாலும் சொல்கிறேன். என் உம்மா அந்த ஒரு பிழையும் விட்டவரல்ல. காட்டியது நான்.