மழுங்காத முள்ளுக்கரண்டி

குவேக்கர்ஸ் ஹில்லில் நான் வேலை செய்யும் பழைய சாமான் கடைக்கு அந்த அன்ரி சனிக்கிழமை தவறாமல் வருவார். ஒல்லியான உடம்பு, வெடித்த விரல்கள். முள்ளுக்கரண்டிகளை ஒவ்வொன்றாக எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு கைப்பிடியைக் கட்டைவிரலால் தடவிப் பார்ப்பார்.

அவர் பராமரித்த வெள்ளைக்காரக் கிழவியின் வீட்டில் அசல் வெள்ளி முள்ளுக்கரண்டி ஒன்றைக் காணவில்லை. தேடித் தராவிட்டால் வேலைக்கு வரவேண்டாம் என்று கிழவியின் மகள் சொல்லிவிட்டாளாம். அதே வேலைப்பாட்டில் ஒன்று கிடைத்தால் சத்தமில்லாமல் மேசை லாச்சிக்குள் மற்றக் கரண்டிகளோடு போட்டுவிடலாம் என்றுதான் இந்தத் தேடல்.

ஒருநாள் அவருடைய விரல் நின்றது. கைப்பிடியில் சிப்பியும் கொடியும், பின்புறம் அசல் வெள்ளிக்கான சிங்க முத்திரை.

"இதேதான், பிள்ளை. ஆனா பிடிச்சிடுவினம்."

"ஏன் அன்ரி?"

"அங்க இருக்கிறதெல்லாம் நான் திருநீறு போட்டுத் தேய்ச்சு மழுங்கிப் போச்சு. இதில கோடெல்லாம் எழும்பி நிக்குது."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நீங்கள் எடுக்கேல்லைத்தானே! பிறகேன் இந்தப் பாடு?"

"எடுக்கேல்லை எண்டதை ஆர் நம்புறது? கரண்டியைக் கண்டால்தான் நம்புவினம்."

தேய்க்கத் தேய்க்கச் சரியாகிவிடும் என்று அதை வாங்கிக்கொண்டு போனார்.

பிறகு ஹெலன்ஸ்பர்க் கோயிலில், சிவன் சன்னதியில் அவரைக் கண்டேன். எல்லோரும் திருநீற்றை நெற்றியில் பூச, அவர் மட்டும் அதைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டிருந்தார். என்னைக் கண்டதும் என் திருநீற்றுக்கும் கையை நீட்டினார். அந்தக் கரண்டியைத் தேய்க்கக் கொடுக்க மனம் வரவில்லை. என்னிடமிருந்ததை முழுவதும் நெற்றியில் அப்பிக்கொண்டேன்.